முதலில் உடைந்தது எது

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் சேறாகாமல் கீழே ஒரு உரச்சாக்கை விரித்து, இசக்கி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது மணி மூன்று. ஐந்து மணி பஸ்ஸில் திருப்பூரிலிருந்து அண்ணன் வந்துவிடுவான். அதற்குள் பழைய பின்சக்கரத்தைக் கழற்றிப் புதுசை மாட்டிவிட வேண்டும். பழசை இன்றைக்குச் சனிக்கிழமை, வருகிற இரும்புக்காரர் வண்டியில் போட்டுவிட வேண்டும், அந்தத் தரித்திரத்தை அவன் கண்ணில் காட்டாதே என்று கொழுந்தெடுக்கப் போகும்போதே அம்மா சொல்லிவிட்டுப் போனாள். சொல்லும்போது அவள் பார்த்தது சக்கரத்தை இல்லை, உள்ளே இடது கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அண்ணியை. இசக்கி பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். நட்டு அசையவில்லை. துரு. தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டாள். ஊறட்டும். ஊறுகிற வரைக்கும் சும்மா உட்கார வேண்டும், அதுதான் வம்பு, சும்மா உட்கார்ந்தால் இந்த மண்டை ஆரம்பித்துவிடும். ஒன்பது நாளாக அப்படித்தான். சாப்பிடும்போது பரவாயில்லை, துணி துவைக்கும்போது பரவாயில்லை, கை நின்றால் போதும், மூணாவது வளைவு வந்துவிடுகிறது. அவள் பார்க்காத வளைவு. அதாவது ஆயிரம் தடவை பார்த்த வளைவுதான், அன்றைக்குப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் போர்வைக்குள் இருந்தாள். ரிம்மைப் பார்க்காமல் இருக்கலாம் என்று தேயிலைச் சரிவைப் பார்த்தாள், சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, உடனே திரும்ப ரிம்மையே பார்த்தாள். ஒரு பக்கச் சுவர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வாழைப்பூ மடல் மாதிரி வெளியே விரிந்திருந்தது. விழுந்த அடியில் ரிம்மே கிழிந்துபோச்சு பாரு, எவ்வளவு வேகத்தில் போயிருப்பாள் அந்தப் பொண்ணு. எஸ்டேட் லைன் வீடு பன்னிரண்டிலும் அதே பேச்சு. யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்ததை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் விழுந்ததால் கிழியவில்லை. கிழிந்ததால் விழுந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருந்திருக்குமா? அரை நொடி? அந்த அரை நொடியைத் திருப்பிப் போட்டுவிட்டால் குற்றம் வேற ஆள் தலையில் வந்து உட்காரும், அந்த ஆளின் தலை இப்போது சைக்கிள் சங்கிலிக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறது, எண்ணெய் தேய்க்காத தலை, எண்ணெய் எல்லாம் நட்டுக்குப் போய்விட்டது.

இந்த மலையில் சைக்கிள் வாங்குகிற எவனும் முதலில் செய்வது முன் பிரேக் ஒயரைக் கழற்றி விடுவதுதான். முன்னாடி பிடிச்சா குப்புற அடிச்சு விழுவ, பின்னாடி மட்டும் பிடி. இசக்கிக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அவளும் கழற்றினாள், கேள்வி கேட்கவில்லை. இரண்டு வருஷம் இறக்கம் இறக்கமாக அவள் பின் பிரேக்கை மட்டுமே பிடித்து வந்தாள். பிளஸ் டூவில் கணக்குப் போய், திரும்ப எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அதிகமாகவே ஓட்டினாள், வேற என்ன வேலை. பிரேக் கட்டையிலிருந்து கறுப்பு மாவாக ஏதோ கொட்டும், மழைக்காலத்தில் அது ரிம் பூராவும் மை மாதிரி வழியும், அந்த மையில் ரிம்மும் சேர்ந்துதான் கரைகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா? தோன்றியது. இதுதான் பிரச்சினை. முதல் வருஷம் தோன்றவில்லை, அது நிஜம். போன மாதம் தோன்றியது. பிரேக் பிடித்தால் டிக், டிக், டிக், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு டிக். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ரிம்மின் சுவர் தட்டையாக இல்லை, சாம்பார்க் கரண்டி மாதிரி உள்வாங்கிக் குழிந்து கிடந்தது. ஒரு இடத்தில் தலைமுடி தடிமனுக்கு ஒரு கோடு, நகம் அதில் மாட்டியது. அந்த இடம் லேசாக வெளியே பிதுங்கியிருந்தது, டிக் என்றது அதுதான். போச்சு, இது ஒருநாள் பிளக்கும் என்று அவள் அன்றைக்கே நினைத்தாள். சும்மா ஒரு பயம் இல்லை. தெளிவாக, வாக்கியமாக, இது ஒருநாள் பிளக்கும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் சைக்கிளைத் தொடாதே என்று அம்மா மூலையில் சாத்திவிடுவாள், புதுச் சக்கரம் எப்போது வருமோ, அதுவரை வீட்டிலேயே. அதனால் மேட்டுப் பக்கம் மட்டும் ஓட்டினாள். இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். பத்து நாள் அப்படி ஓட்டினாள். அந்தப் பத்து நாள்தான் அவளைக் கொல்கிறது. தெரியாமல் இருந்திருந்தால் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இறக்கத்தில் தான் மட்டும் இறங்கித் தள்ளியவளுக்கு என்ன சமாதானம் இருக்கிறது.

நட்டு இளகிக் கொடுத்தது. ஒரு கிறீச் சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி வந்தது. இன்னொரு பக்கமும் கழற்றி, பிரேக்கின் இரண்டு கையையும் விரித்துவிட்டு, சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருவினாள். உருவும்போது கிழிந்த மடல் உள்ளங்கையில் கீறியது. நல்லா கீறு. போன வாரம் வியாழக்கிழமை நடந்தது அது. அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய், கீழே எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வா, பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று அம்மா சொன்னாள். மூன்று கிலோமீட்டர், முழுக்க இறக்கம். தள்ளிக்கொண்டு போனால் பன்னிரண்டுக்குள் போக முடியாது. ஓட்டிக்கொண்டு போனால், அந்தக் கோடு. நடந்து ஓடியிருக்கலாம், அதுகூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை, வாயில் முதலில் வந்தது வயிறு. வயித்து வலிம்மா, என்னால முடியாது என்று சுருண்டு படுத்தாள். மாசத்துக்கு ஒருதரம் நிஜமாகவே படுப்பவள்தான், யாரும் சந்தேகப்படவில்லை. நான் போறேன் அத்தை என்று அண்ணி சொன்னது அந்த நொடியில்தான். பூங்கோதை அண்ணி. கல்யாணமாகி மூன்று மாதம், ஆனைமலைப் பக்கம் தட்டையான ஊரிலிருந்து வந்தவள், பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருஷம் சைக்கிளில் போனவள், இங்கே வந்த நாளிலிருந்து இசக்கியின் சைக்கிளை ஒரு மாதிரி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். குரலில் அவ்வளவு சந்தோஷம். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு நின்றாள். இசக்கி போர்வைக்குள்ளிருந்து அதைக் கேட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். வேண்டாம் அண்ணி, பின்சக்கரம் சரியில்லை. ஆறு ஏழு வார்த்தைகூட இல்லை. வயித்து வலிக்காரி எழுந்து சக்கரத்தைப் பற்றிப் பேசினால் வயித்து வலி பொய் என்று தெரிந்துபோகும். அதற்காக. கேவலம் அதற்காக. அதோடு விட்டாளா அண்ணி, கிளம்புகிற அவசரத்திலும் அடுப்படிக்குப் போய் மோரில் வெந்தயத்தைப் போட்டு எடுத்து வந்து, எழுந்து இதைக் குடிச்சிரு இசக்கி, அரை மணி நேரத்துல கேட்கும் என்று தலைமாட்டில் வைத்தாள். இசக்கி எழுந்து குடித்தாள். வலியே இல்லாத வயிற்றுக்கு மருந்து குடித்தாள். கடைசி வெந்தயத்தை மென்று முழுங்கும்போது வெளியே ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பெடல் சத்தம். வாசல் மேட்டில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்க்கிறாள். டிக்.

டயரைக் கழற்றுவதற்கு இரண்டு கரண்டிக் காம்பு போதும். ஒன்றைச் செருகி நெம்பி, அடுத்ததைச் செருகி ஓட்டினாள், டயர் ஒரு பக்கம் வெளியே வந்தது, உள்ளே இருந்த டியூப் பாம்புச் சட்டை மாதிரி கிழிந்து வந்தது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டை கட்டையாக இன்னும் ஒரு வருஷம் ஓடும். டயர் தப்பித்தது, அண்ணி தப்பிக்கவில்லை. இடது மணிக்கட்டு எலும்பு, தாடையில் ஐந்து தையல், முன்பல்லில் பாதி. பொள்ளாச்சிக்கு ஜீப்பில் கொண்டுபோகும் வழி பூராவும் அண்ணியே அம்மாவிடம், வளைவுல நான்தான் வேகமா போயிட்டேன் அத்தை என்று சொல்லிக்கொண்டு போனாளாம். வேகமாகப் போகவில்லை அண்ணி. பிரேக் பிடித்தீர்கள். பிடிக்க வேண்டிய இடத்தில் சரியாகப் பிடித்தீர்கள், அதனால்தான் அது பிளந்தது. பிளந்து டியூப் வெடித்து சக்கரம் அப்படியே சிக்கி நின்றுவிட்டது, யார் ஓட்டினாலும் விழுவார்கள். இதைச் சொல்ல இந்த எஸ்டேட்டில் ஒரே ஒரு வாய் இருக்கிறது, அந்த வாய் ஒன்பது நாளாகக் கஞ்சி குடிக்கவும் கொட்டாவி விடவும் மட்டும் திறக்கிறது. அம்மாவோ, இசக்கி ரெண்டு வருஷமா ஓட்டுறா, ஒரு கீறல் உண்டா, உன் கையில ஒருநாள் குடுத்தோம் பாரு என்று ஆரம்பித்தால் அடுப்பு அணைகிற வரை நிறுத்துவதில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டு, அண்ணி காதில் விழும்படியே சொன்னாள், வந்து கூட்டிட்டுப் போய் அவங்க அப்பன் வீட்டுல விடு, கையும் சேரட்டும், புத்தியும் சேரட்டும். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்டான் போல. நான் சொல்ற வரைக்கும் என்றாள் அம்மா. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் அண்ணிக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள், கட்டுப் பிரித்ததும் வா, இடம் போகாது என்று காப்பகத்து அக்கா ஆள் அனுப்பியிருந்தார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாள் அம்மா. மலையில் நிற்கத் தெரியாதவளிடம் எவன் பிள்ளையைக் கொடுப்பான் என்கிறாள். அன்று ராத்திரி அண்ணி அழவில்லை. டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒற்றைக் கையால் இழுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். மடிக்க முடியவில்லை. ஒரு கையால் புடவை மடிக்க முடியாது என்று இசக்கி அன்றைக்குத்தான் பார்த்தாள். நான் மடிச்சுத் தரேன் என்று போய் உட்கார்ந்து மடித்தும் கொடுத்தாள். துரோகத்துக்கு மேல் துரோகம், அதையும் நாலு மூலை சேர்த்து ஒழுங்காக.

புதுச் சக்கரத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தாள். பளபளவென்று முகம் தெரிந்தது, ரிம்மில் தெரிகிற முகம் யாருடையதானாலும் கோணல்தான். இதைக் கொண்டுவந்தவர் அண்ணியின் அப்பா, ஆறுச்சாமி. அடிபட்ட மகளைப் பார்க்க வந்த மனுஷன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருக்கலாம். பொள்ளாச்சியில் இறங்கி சைக்கிள் கடை தேடி, கியர் பல்லெல்லாம் மாட்டச் சொல்லி, நாற்பது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் இசக்கியிடம் வந்து நீட்டினார். "என்ற புள்ள உன்ற வண்டிய ஒடச்சுப்போட்டா கண்ணு. மனசுல வச்சுக்காத" என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைக்காரர் கேட்டாராம், பழைய ரிம் தேய்ந்து கிடந்ததா என்று. எனக்கென்ன தெரியும், நல்லாத்தான் இருந்திருக்கும்னு சொல்லிப்போட்டேன், நல்லாத்தான இருந்துச்சு கண்ணு என்று கேட்டார். இசக்கி தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து சொன்னால்தான் பொய்யா. தலையாட்டலுக்கு என்ன பெயர். ரெண்டு பிரேக்கும் பிடிச்சு ஓட்டச் சொன்னானுங்க கண்ணு, ஒண்ணையே பிடிச்சா ஒண்ணுதான் தேயுமாம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். உள்ளே போய் மகளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தையும் கேட்டது. பாத்துப் போகக் கூடாதா சாமி.

சக்கரத்தோடு வந்த புது டியூபுக்குக் கொஞ்சமாகக் காற்றடித்து டயருக்குள் நுழைத்து, காற்றடிக்கிற மௌத்தை ரிம் ஓட்டையில் விட்டு, கட்டை விரலால் டயரை அழுத்தி அழுத்தி ரிம்முக்குள் ஏற்றினாள். கடைசி ஒரு சாண் எப்போதும் அடம்பிடிக்கும். முழங்காலை வைத்து அழுத்தினாள், ஏறியது. பம்ப்பை எடுத்து அடித்தாள். சக்கரத்தைச் சட்டத்துக்குள் இறக்கி, சங்கிலியைச் சின்னப் பல்லில் போட்டு, நடுவில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினாள். பெடலைக் கையால் சுற்றினாள். சக்கரம் ஓடியது. சத்தமே இல்லை. பிரேக்கைப் பிடித்தாள், அப்போதும் சத்தமில்லை. அந்தச் சத்தமின்மைதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. அண்ணன் வந்து பார்ப்பான், ரெடியாக்கிட்டியா, கெட்டிக்காரிதான்டீ என்பான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அண்ணியும் பெட்டியும் இறங்கிப் போகும். அவ்வளவுதான், முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் கழித்து அவளே நம்பிவிடுவாள், அண்ணி வேகமாகப் போய்தான் விழுந்தாள் என்று. இப்போதே ஒரு பக்கம் நம்ப ஆரம்பித்திருக்கிறது மண்டை. வேகமாகவும் போயிருக்கலாமே? தட்டை ஊர்க்காரிதானே? பார், பார், எப்படிப் போகிறது பார். தொங்கிக்கொண்டிருந்த முன் பிரேக் ஒயரை இழுத்து மாட்டினாள். யாரும் சொல்லவில்லை, மாட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டியிருக்க வேண்டியது.

கீழே ரோட்டில் ஸ்பீக்கர் கேட்டது. பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பிளாஸ்டிக். அண்ணி வாசப்படிக்கு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள், கழுத்தில் தொங்குகிற கட்டுக் கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு. வண்டி வந்துருச்சு இசக்கி, அத்தை வர்றதுக்குள்ள போட்டுட்டு வந்துரு, பார்த்தா திரும்ப ஆரம்பிப்பாங்க என்றாள். உடைந்த பல்லை மறைக்க இப்போதெல்லாம் மேல் உதட்டை இழுத்துக்கொண்டு பேசுகிறாள். இசக்கி பழைய சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். இரும்புக்கார அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, ஓட்டைக் குடத்துக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் இடம் ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார். அவர் ஒரு பக்கம் பிடித்தார், இவள் ஒரு பக்கம் பிடித்திருந்தாள். அவர் இழுத்தார். கை விடவில்லை. வேண்டுமென்று பிடித்துக்கொள்ளவில்லை, விடச் சொன்னாள், விரல் கேட்கவில்லை. விரல் அந்தக் குழிவில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் தடவிய அதே குழிவு, கிழியாத இடத்தில் இன்னும் அப்படியே இருந்தது, சாட்சி மாதிரி. மழை வருது, குடுக்கிறியா, என்கூட வண்டியில வர்றியா என்றார் அண்ணாச்சி. இது போய்விட்டால் இனிமேல் அவள் சொன்னாலும் யாரும் நம்ப வேண்டியதில்லை, அண்ணியைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்று அம்மாவே சொல்லிவிடுவாள். அப்போது சொன்ன புண்ணியமும் கிடைக்கும், ஒன்றும் ஆகாமலும் போகும். அந்த வழிகூட மண்டைக்குத் தெரிந்திருக்கிறது பார். சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பைத்தியம் என்று பின்னால் கேட்டது. இருக்கட்டும்.

அண்ணி அதே இடத்தில் நின்றாள். ஏன் போடல என்று கேட்டாள். இசக்கி சக்கரத்தைப் படியில் நிறுத்தி, அண்ணியின் நல்ல கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை ரிம்மின் கிழியாத இடத்தில் வைத்து மெதுவாக ஓட்டினாள்.

"குழியா இருக்கு" என்றாள் அண்ணி.

"விழுந்தா இப்படி ஆகாது அண்ணி. தேஞ்சாத்தான் ஆகும். நீங்க போறதுக்குப் பத்து நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்." அழுதால் அண்ணி சமாதானம் சொல்ல வந்துவிடுவாள், அழக் கூடாது. "எனக்கு அன்னிக்கு வயித்து வலி இல்ல."

அண்ணி விரலை எடுக்கவில்லை. இன்னொரு முறை தானாகவே ஓட்டிப் பார்த்தாள், கிழிசல் தொடங்குகிற இடம் வரை போய் நிறுத்தினாள். கீழே ஸ்பீக்கர் அடுத்த லைனுக்குப் போய்விட்டது.

"வெந்தய மோரைக் குடிச்சியே" என்றாள்.

"குடிச்சேன்."

அண்ணி திட்டுவாள் என்று இசக்கி நினைத்தாள், திட்டவில்லை. பரவாயில்லை விடு என்பாளோ என்று பயந்தாள், அதையும் சொல்லவில்லை. அண்ணி விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தாள், அதைத் துடைத்துக்கொள்ள இன்னொரு கை இல்லை, சுவரில் தேய்த்தாள். "உங்க அண்ணன் வரட்டும். அத்தையும் வரட்டும்" என்றாள், உதட்டை இழுத்து மறைக்காமல், பாதிப் பல் தெரிய. "நீயே சொல்லு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது, எடுக்கிறாளா வைக்கிறாளா தெரியவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது.

இரண்டாவது வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அம்மாவும் அந்த நேரத்துக்குத்தான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருவாள், இரண்டு பேரும் சேர்ந்தே மேடேறுவார்கள். என்னவென்று ஆரம்பிப்பது. அண்ணே, ஒரு விஷயம். இல்லை. அம்மா, அன்னைக்கு நான். அதுவும் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ முறுக்கியது, இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது, சிரிப்பு வந்தது, வலி என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள். இசக்கி சைக்கிளை நிமிர்த்திச் சுவரோரம் சாத்தினாள். பழைய சக்கரத்தை எடுத்து, தாண்டாமல் ஒருத்தரும் உள்ளே போக முடியாதபடி வாசப்படிக்குக் குறுக்கே வைத்தாள். வைத்தபோது கிழிந்த பக்கம் மேலே வந்தது. எல்லாரும் ஏற்கனவே பார்த்த பக்கம். அதைத் திருப்பி, தேய்ந்த பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.